கந்தப்பன் அடி

மேல் டிவிஷன், போடிமெட்டு வழி
3-2-1974

அன்புத் தம்பி பெரியமுத்துவுக்கு அக்கா குருவம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் ராசம்மாளும் சுகமா? ஆனைகட்டியில் பெண் கட்டிப் போன நாலு வருஷத்தில் நீ போட்ட கடிதம் மூன்று. அதற்கான திட்டை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

நம் மொக்கையனைக் கொன்றுவிட்டார்கள். கொழுந்தைக் குறைத்து நிறுக்கிறீர்கள் என்று யூனியன் சார்பில் கேட்கப் போனான். கங்காணியின் ஆட்கள் எடைக் கொட்டகைக்குள்ளேயே இரும்புக் கம்பியால் அடித்தார்கள். நான் கூடையோடு வரிசையில் நாலாவது ஆளாக நின்றேன். மூன்றாவது அடியிலேயே விழுந்துவிட்டான். விழுந்த பிறகும் அடித்தார்கள். என் சேலையில் தெறித்த ரத்தம் சவுக்காரம் போட்டும் போகவில்லை.

சாவுக்கு உன் மச்சான்தான் தப்பு அடித்தார். அது நம் பழைய சாவு அடி இல்லை. அது வந்த கதையைக் கேள். ஊருக்குப் போன வெள்ளைக்கார மேனேஜர் தன் கிராமபோனையும் ஒரு பெட்டித் தட்டுகளையும் பட்லர் சூசையப்பன் அண்ணனிடம் விட்டுப் போனார். அதில் ஒரு தட்டு. அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட கறுப்பு மனிதர், மடியில் கிடார். அவரும் நம்மைப் போல எஸ்டேட் கூலி வீட்டுப் பிள்ளைதானாம், பருத்தி எஸ்டேட். ஒப்பாரி மாதிரிப் பாட்டுப் பாடியே பேர் வாங்கியவராம். வயது போன காலத்தில் ஆட்டத் தாளத்தில் இந்தத் தட்டைப் போட்டாராம். பழைய ஆட்கள் காறித் துப்பினார்களாம், இளவட்டங்களோ எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்களாம். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது என்று சூசையப்பன் அண்ணன் சொன்னார்.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் மச்சான் அங்கேதான் கிடந்தார். "இவென் பாடுறது ஒப்பாரிடி. ஆனா கொட்டு இருக்கே, அது செத்தவனையும் எந்திரிச்சு ஆடச் சொல்லுது. ரெண்டும் எப்படிடி ஒண்ணா நிக்குது?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? சோறு ஆறுகிறது என்பேன்.

அந்த அடியைத் தப்புக்குக் கொண்டுவந்து மொக்கையனுக்கு அடித்தார். தம்பி, அழுதுகொண்டு நின்ற சனம் ஆடத் தொடங்கியது. ஆடிக்கொண்டே ஆபீசுக்குப் போய்க் கண்ணாடி எல்லாம் நொறுக்கியது. கங்காணியின் காதை யாரோ கடித்துத் துப்பிவிட்டார்கள். யாரென்று எழுத மாட்டேன். அந்த வாய் இப்போதும் உப்புக் கரிக்கிறது.

இந்த அடியை உனக்குக் கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொள்: டண், டக்கு ணக், மூச்சு, டக டண். முதல் அடி முழுசாக விழ வேண்டும். மூச்சு என்ற இடத்தில் கையை ஓங்கி, அடிக்காமல் நிறுத்த வேண்டும். ஓங்கிய கை நிற்கும் அந்த இடத்தில்தான் இருக்கிறதாம் எல்லாம்.

பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

உன் அக்கா,
குருவம்மாள்

---

ஆனைகட்டி
26-2-1974

அக்காவுக்குத் தம்பி பெரியமுத்துவின் வணக்கம். இவ்விடம் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் சாமியைக் கேட்டுக்கொள்கிறேன்.

மொக்கையன் அண்ணன் செய்தி படித்து அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. என்னைத் தோளில் தூக்கிப் போடிச் சந்தைக்குக் கொண்டுபோனவர் அல்லவா. காதைக் கடித்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் கையைக் கடித்ததும் அதே வாய்தான்.

மச்சான் கொடுத்த அடி வந்து சேர்ந்தது. நம் செட்டில் ஐந்து பேரும் பத்து நாள் ஓடையோரம் உட்கார்ந்து பழகினோம். நாலு பேருக்குப் பிடிபட்டது. கந்தப்பனுக்கு மட்டும் வரவில்லை. அவனைப் பற்றி உனக்கு எழுதியதில்லையே. முப்பத்தைந்து வயது ஆள், மூன்று பெண் பிள்ளைகள். செட்டுக்கு நான் தலை என்பதால் வயதில் இளைய என்னை அண்ணா என்பான். காளிச்சாமிக் கவுண்டர் தோட்டத்தில் பண்ணையாள். நல்ல மனுசன், ஆனால் ஓங்கிய கையை அவனால் நிறுத்த முடியவில்லை. "அந்த எடம் மட்டும் புடிபட மாட்டீங்குதுங்ணா. கை தானா உழுந்துருதுங்ணா" என்று அழாத குறை. மச்சான் நேரில் வந்து கொடுத்தால்தான் அவனுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் மாரியம்மன் நோன்பி. காளிச்சாமியின் அண்ணன் சென்னியப்பக் கவுண்டர்தான் முன்னால் நின்று நடத்துகிறார். இந்த அடியை அன்றைக்கு இறக்கலாம் என்று எண்ணம்.

மச்சானுக்கு என் கும்பிடு. சோறு ஆறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி,
பெரியமுத்து

---

மேல் டிவிஷன்
6-5-1974

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் அம்மை போட்டு இறங்கி, பிழைத்துக்கொண்டான். அதில்தான் உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் இல்லை.

நோன்பியில் அந்த அடியை அடிக்காதே. உன் மச்சான் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். "அது மொக்கையனுக்கு எறங்குன அடி. வருசம் திரும்பட்டும். அதுவரைக்கும் சாவுக்கு மட்டுந்தான், சாமிக்கு ஆகாது" என்கிறார். சாமி அடி வேறு, சாவு அடி வேறு என்று நம் அப்பன் உனக்குச் சொல்லாமலா விட்டார்? மாற்றி அடித்தால் ஊர்க்காரன் சும்மா விடுவானா?

ரயில் ஓடாது என்று பேசிக்கொள்கிறார்கள். இது எப்போது வந்து சேருமோ தெரியவில்லை. ராசம்மாள் முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்டு எழுது.

அக்கா

---

ஆனைகட்டி
23-5-1974

அக்காவுக்கு, சுகம், சுகமறிய ஆசை. உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ரயில் வேலைநிறுத்தத்தில் தபாலே இல்லை என்கிறார்கள்.

நோன்பி முடிந்தது. நீயும் மச்சானும் பார்த்திருக்க வேண்டும்! பூவோடு, அதுதான் தீச்சட்டி, எடுத்து வரும்போது அந்த அடியை இறக்கினேன். முதலில் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் சுற்றில் ஒரு கிழவர் தோளைக் குலுக்கினார். அப்புறம் ஊரே ஆடியது. சென்னியப்பக் கவுண்டர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கிவிட்டார். "எந்தூரு அடிடா பெரியமுத்து இது? நான் நிக்கோணும்னாலும் காலு நிக்க மாட்டீங்குதே!" என்று சத்தம் போட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் கட்டினார். எனக்கு அக்கா, அப்படிக் கட்டினார்!

இப்போது வேலந்தாவளத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் ஆள் வந்து கேட்கிறார்கள். கோயமுத்தூர் பேண்டு செட்டுக்காரன் ஒருவன் கிளாரினெட்டோடு வந்து, ஓரமாக உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறான். போகட்டும், சிவப்புச் சட்டைக்காரரிடமிருந்து நாம் எடுக்கவில்லையா?

போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருத்தன் மட்டும் கூட்டத்தில் நின்று, "இது எங்க மலையில சாவுக்கு அடிச்சதாச்சே" என்று சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

தம்பி

---

அகளி
20-6-1974

அன்புள்ள அக்காவுக்குப் பெரியமுத்து எழுதிக்கொள்வது. நலம். கையில் சின்னக் காயம், ஆதலால் ஆள் வைத்து எழுதுகிறேன். நீ மே மாதம் போட்ட கடிதம் இப்போதுதான் கிடைத்தது. சென்னியப்பக் கவுண்டர் நோன்பி முடிந்த ஒன்பதாம் நாள் நெஞ்சுவலியில் தவறிவிட்டார். வேறு விசேஷம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

பெரியமுத்து

---

மேல் டிவிஷன்
29-6-1974

ஏண்டா, யாருடைய கையெழுத்தடா அது? முத்து முத்தாக இருக்கிறது, பொம்பளை எழுத்து. ஆனைகட்டியில் இருப்பவன் அகளியில் என்ன செய்கிறாய்? சின்னக் காயம் என்றால் இடது கையால் ஒரு கோடு போட முடியாதா? உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். நீ ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதாவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு நானே பஸ் ஏறுவேன். யார் என்ன செய்தார்கள்? முழுசாக எழுது.

சுகம் விசாரிக்க இப்போது மனசில்லை.

குருவம்மாள்

---

அகளி
19-7-1974

அக்காவுக்கு வணக்கம். மச்சானுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் இதை முதலில் நீ தனியாகப் படி. எழுதித் தருகிறவர் ஆஸ்பத்திரி நர்சம்மா ஞானஜோதி. நான் சொல்லச் சொல்ல ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறார்.

சென்னியப்பக் கவுண்டர் இறந்த மறுநாள், லாரிக்காரன் சொன்னது காளிச்சாமியின் காதுக்குப் போனது. என்னைக் களத்துமேட்டுக்கு வரச் சொன்னார்கள். துக்கத்துக்குத் தப்பட்டை அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன்.

"எங்கண்ணன் கல்லாட்டம் இருந்தவரு. சாவு அடி அடிச்சு, ஆட உட்டு மேல அனுப்பிப்போட்டயேடா" என்றார் காளிச்சாமி. தெரியாமல் செய்தேன் சாமி என்று காலில் விழுந்தேன். முகத்தில் உதைத்தார். முன்பல் இரண்டு அங்கேயே போனது. "எந்தக் கையிலடா அடிச்சே?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. "அப்ப ரெண்டும்" என்றார்.

தேங்காய் உடைக்கும் கல்லின் மேல் என் கைகளை வைத்தார்கள். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். கந்தப்பனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். அவன்தான் மணிக்கட்டைப் பிடித்தான். காளிச்சாமி உலக்கையால் இடித்தார். வலது கை மூன்று இடி, இடது கை நாலு. எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது? எலும்பு தூளாகிவிட்டது என்கிறார்கள். இனிமேல் குச்சி பிடிக்க வராது. சோறு ராசம்மாள் ஊட்டுகிறாள்.

போலீசில் எழுதவில்லை. எழுதினால் ராசம்மாள் இந்த ஊரில் எப்படி இருப்பாள்?

தம்பி

---

மேல் டிவிஷன்
2-8-1974

தம்பி, உன் கடிதத்தைத் தனியாகப் படிக்க என்னால் முடியவில்லை. எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று உரக்கவே படித்தேன். மறுநாள் மலையில் உன் மச்சான் வெட்டிய தேயிலைச் செடியில் ஒன்றுகூட மிச்சமில்லை. கவாத்து என்று அதைச் சொல்ல முடியாது.

காளிச்சாமி பணக்காரன், அவன் சாதித் திமிர், அது ஒரு கணக்கு. ஆனால் அந்தக் கந்தப்பன்? உன்னோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்து அடித்தவன், உன்னை அண்ணா என்றவன், உன் கையைப் பிடித்துக் கொடுத்தானா? தூக்கம் வரவில்லை எனக்கு. அவன் விரல் உன் மணிக்கட்டில் இருப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

உன் மச்சான் வரத் தயார். நீ ஒரு வார்த்தை எழுது. எழுதினால் போதும்.

அக்கா

---

அகளி
3-8-1974

அக்காவுக்கு. சுகம். கட்டுப் பிரித்தார்கள், விரல்கள் மடங்கவில்லை. நர்சம்மாவுக்கு வேலை இருக்கிறது, ஆதலால் சுருக்கமாக.

கந்தப்பன் விஷயம். இரண்டு மாதமாக அது ஒன்றுதான் என் மனசில் ஓடுகிறது. எனக்குக் கை போய்விட்டது. ஆகவே மச்சான் ஒருமுறை வந்து, கந்தப்பனுக்கு அந்த அடியைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் எனக்கு ஆறாது. பாதியில் விடாமல் முழுசாகக் கொடுக்க வேண்டும். சந்தை நாளில் அவன் அகளிக்கு வருவான். வலது கன்னத்தில் மரு இருக்கும், அதுதான் அடையாளம்.

இதைச் செய்துவிட்டால் என் கை போனதற்கு நான் அழ மாட்டேன்.

தம்பி

---

அகளி
30-8-1974

குருவம்மாளுக்குப் பெரியமுத்து.

என்ன செய்துவிட்டீர்கள்?

மச்சான் வருவார் என்று கந்தப்பனிடம் சொல்லியிருந்தேன். அதனால் சந்தைக்கு என்றைக்கும் கட்டாத வெள்ளை வேட்டி கட்டி வந்தான். என்னுடைய தப்பட்டையைத்தான் தோளில் மாட்டியிருந்தான், நான் கொடுத்தது. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் மச்சான் அவனைப் பார்த்து, "நீதான் கந்தப்பனாடா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, உங்களைத்தான் பாத்துட்டு இருந்தனுங்க" என்று சிரித்துக்கொண்டு கும்பிட்டபடி பக்கத்தில் போயிருக்கிறான். கும்பிட்ட கைமேல் முதல் அடி விழுந்தது. கவாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் அடித்தார். அவன் ஓடவில்லை. என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரியவே இல்லை. தப்பட்டை கிழிந்தது, பிறகு மண்டை. "முழுசாக் குடுக்கச் சொல்லியிருக்கான்" என்று சொல்லிச் சொல்லி அடித்தாராம். நான் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓடிப் போனபோது மூச்சு இல்லை.

கற்றுக் கொடுக்கச் சொன்னேன் அக்கா! இனி நம் செட்டுக்கு அவன் தலை நிற்கட்டும், என் இடத்தில் அவன் அடிக்கட்டும் என்று. நம் ஆட்கள் அடி கொடுப்பது என்றால் வேறு என்ன? நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்தில், இந்த அடியை எனக்குக் கொடுக்கச் சொன்னார் என்றுதானே எழுதினாய்? நான் எழுதிப் போட்டபோது உன் ஆகஸ்ட் கடிதம் வரவே இல்லை, வந்ததே சந்தையில் எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். அது என் குற்றம். அன்று களத்தில் கந்தப்பனின் மூத்த பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். "நீ புடிக்கலீன்னா இவ ஊட்டுக்கு வர மாட்டா" என்றார் காளிச்சாமி. பெண் பிள்ளை பேர் கடிதத்தில் வர வேண்டாம் என்று அதை மறைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தபடி அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அதையும் மறைத்தேன்.

அவன் சாவுக்கு மிச்சமிருந்த மூன்று பேர் அந்த அடியைத்தான் அடித்தார்கள். ஊர் ஆடவில்லை.

பெரியமுத்து

---

மேல் டிவிஷன்
17-10-1974

தம்பிக்கு.

உன் மச்சான் அன்றே அகளி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டார், உனக்குத் தெரியும். கோர்ட்டில் உன் கடிதத்தைக் காட்டினால் தண்டனை குறையும் என்றார் வக்கீல். காட்டக் கூடாது, தம்பி பேர் வந்துவிடும் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார். அடுப்பில் போட்டேன். ஆயுள் தண்டனைதான் வரும் போலிருக்கிறது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டியவள் நான். அடி கொடுப்பது என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? தப்புக்காரன் மகள், தப்புக்காரன் பெண்டாட்டி. அந்த அர்த்தம் என் மனசில் வரவே இல்லை, நான் வரவும் விடவில்லை. அத்தனை நாளும் எந்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது என்று துள்ளினேன். "எழுதிட்டான், கிளம்புங்க" என்று கத்தியைத் தீட்டிக் கொடுத்ததும் நான்தான்.

நீ பதில் போட வேண்டாம்.

குருவம்மாள்

---

போடிநாயக்கனூர்
4-6-1979

தம்பி பெரியமுத்துவுக்கு அக்கா எழுதுவது. ஐந்து வருஷம் நீயும் போடவில்லை, நானும் போடவில்லை. பிள்ளைகள் சுகம், மூத்தவன் மெக்கானிக் கடையில் இருக்கிறான். லயத்தை விட்டு இறங்கி இங்கே வாடகைக்கு இருக்கிறேன். கண்ணூர் ஜெயிலுக்கு வருஷம் ஒருமுறை போய் அவரைப் பார்த்து வருகிறேன். அவர் மேசையில் விரலால்கூடத் தாளம் போடுவதில்லை. நீ சுகமா? ராசம்மாளுக்குப் பிள்ளை உண்டா?

அந்த அடி எல்லா இடத்திலும் கேட்கிறது தம்பி. கல்யாண பேண்டு அடிக்கிறான், கட்சி ஊர்வலத்தில் அடிக்கிறான். போன மாதம் ரேடியோவில் ஏதோ சினிமாப் பாட்டு, நடுவில் அதே டண், அதே மூச்சு. அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டேன். சாவா, சாமியா என்று இப்போது எவனும் கேட்பதில்லை. சிவப்புச் சட்டைக்காரர் உயிரோடிருந்தால் சிரிப்பார். உன் காளிச்சாமி வீட்டு நோன்பியிலும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம், ஆனைகட்டி லாரிக்காரன் சொன்னான். காளிச்சாமியும் ஆடுகிறானா என்று கேட்க வாய் வரவில்லை.

நேற்று இங்கே மாரியம்மன் திருவிழா. தேனிப் பக்கத்துச் செட்டு ஒன்று வந்திருந்தது. கூட்டத்தில் ஒருவன், "அண்ணே, கந்தப்பன் அடி போடுங்கண்ணே!" என்று கத்தினான். செட்டுக்காரன் குச்சியைத் தூக்கினான். அதே அடி.

முடிந்த பிறகு அவன் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன், ஏன் அந்தப் பேர் என்று. "தெரியாதாக்கா? கந்தப்பன்னு மலையாளத்துப் பக்கம் பெரிய தப்புக்காரரு. அவரு உண்டாக்கின அடி. அகளிச் சந்தையில அடிச்சாராம், ஊரே கூடிப்போச்சாம்" என்றான். அகளிச் சந்தையில் ஊர் கூடியது உண்மைதான். கந்தப்பன் அடி என்று சனம் அன்று பேசியது எதை என்று அவனுக்குத் தெரியாது. நானும் நீயும் உன் மச்சானும் தெரிந்தவர்கள். கந்தப்பனின் பெண்களும்.

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டான். கண்ணில் அவ்வளவு மரியாதை.

"பாத்திருக்கேன். அவரு மாதிரி அந்த எடத்துல கையை நிறுத்த இன்னொருத்தன் பொறக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவன் குச்சிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த மூன்று பெண்களும் ஊர் ஊராக இந்தப் பேரைக் கேட்பார்களே, ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு எந்த அடி கேட்கும்? அவர்கள் காலில் விழ எனக்குத் தைரியமில்லை. நீ போய்ச் சொல். நான் சொன்ன பொய்யை அவர்களிடமும் சொல், உங்கள் அப்பன் பெரிய தப்புக்காரன் என்று. நம்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்.

அக்கா,
குருவம்மாள்